பீலித் தண்ணீரில் பி.எச். ஏன் நிலைத்து நிற்பதில்லை?

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பி.எச்., அதாவது மண்ணிலும் தண்ணீரிலும் எவ்வளவு புளிப்பு என்று காட்டும் எண், புதுச் சங்கதி இல்லை. பெயர் தெரியாவிட்டாலும் வேலை தெரியும். கவ்வாத்து வெட்டும் மலைக்கு டொலமைட் மூட்டை சுமந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும், மண் புளித்துப்போனால் கொழுந்து குறையும் என்பது பழகிய விஷயம். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், தேயிலை மண்ணுக்கு 4.5 முதல் 5.5 வரையான பி.எச். நல்லதென்கிறது. நைதரசன் பசளை போட்டுப் போட்டு மண் அதற்கும் கீழே சரியும்போது டொலமைட்டைப் போட்டு மேலே ஏற்றுகிறார்கள். இந்த ஏற்ற இறக்கமெல்லாம் வருஷக் கணக்கில் நடப்பவை. மண் எதற்கும் அவசரப்படாது.

அதே மலையில் பொலித்தீன் கூடாரம் அடித்து, மண்ணில்லாமல் குழாயிலும் ரெஜிபோம் பெட்டியிலும் தும்புத்தூள் பையிலும் சலாது, குடைமிளகாய், ஸ்ட்ரோபெரி வளர்க்க வந்தவர்களுக்கு அந்த வருஷக் கணக்கு ஓர் இரவாகச் சுருங்கிவிடுகிறது. மாலையில் 5.8 காட்டிய பரல் (பசளை கரைத்த தண்ணீர்ப் பீப்பாய்), விடியும்போது 6.7 காட்டும். கொஞ்சம் அசிட் ஊற்றினால் மத்தியானம் 4.6. அதைத் தூக்கிவிட எதையாவது கரைத்து ஊற்றினால் 7. நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் இப்படி மீட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அசிட் தரமில்லை என்பார் ஒருவர், மீட்டர் சரியில்லை என்பார் இன்னொருவர். மீட்டர் சரியில்லாமல் இருப்பதும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் மலையகத்தில் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான் விழவேண்டும். அது கெட்ட தண்ணீராக இருக்கவேண்டியதில்லை. அருமையான தண்ணீராக இருந்தாலே போதும், இந்தத் தொல்லை வந்துவிடும்.

முதலில் அளவைப் பற்றி. பி.எச். அளவுகோலை 1909 இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சோரன்சன் வகுத்தார். பியர் காய்ச்சும் அதே கார்ல்ஸ்பெர்க்தான். 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். இது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. பலர் மறந்துவிடுவது, ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கிறது என்பதை. 6.5 இல் இருந்த கரைசல் 5.5 ஆனால் அதன் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியிருக்கிறது. 4.5 ஆனால் நூறு மடங்கு. "ஒன்றுதானே குறைஞ்சிருக்கு" என்று விட்டுவிட முடியாது.

மண்ணில்லாப் பயிர்ச்செய்கையில் பெரும்பாலான மரக்கறிகளுக்கு 5.5 முதல் 6.5 வரை சரி. இந்த எண்ணுக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. வேர் உணவு எடுக்கும் வசதி அதற்குள் இருக்கிறது, அவ்வளவுதான். இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். பசளைப் பாக்கெட்டில் இரும்பு எவ்வளவு என்று எழுதியிருந்தாலும், பி.எச். ஏறினால் அது கரைசலில் தங்காது, துருப்போல அடியில் படியும். படியாமல் இருக்கத்தான் அதை வேறொரு சேர்வையோடு பிணைத்து விற்கிறார்கள். அந்தப் பிணைப்பின் வகை முக்கியம். ஈ.டி.டி.ஏ. (EDTA) என்று எழுதியிருந்தால் ஏறத்தாழ 6.5 வரைதான் அது இரும்பைப் பிடித்து வைத்திருக்கும். டி.டி.பி.ஏ. (DTPA) என்றால் 7 ஐத் தாண்டியும் கொஞ்சம் தாங்கும். ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) 9 வரையும் போகும், விலையும் அதற்கேற்றபடி. பரல் அடிக்கடி 6.5 ஐத் தாண்டுகிறவர் பசளை வாங்கும்போது இந்த எழுத்துகளைத் தேடிப் பார்ப்பது அசிட் வாங்குவதைவிடப் பிரயோசனம்.

இரும்பு கிடைக்காத செடியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. புது இலையைப் பாருங்கள், பழைய இலையை அல்ல. நரம்பு பச்சையாகவே இருக்கும், நரம்புக்கு நரம்பு இடையில் உள்ள பாகம் வெளிறி மஞ்சளாகும். முற்றினால் குருத்தே வெள்ளைபோல வரும். கீழ் இலை மஞ்சளாகி மேல் இலை பச்சையாக இருந்தால் அது வேறு கதை. நைதரசனோ மக்னீசியமோ போதாமல் இருக்கலாம்.

பொசுபரசுக்கும் இதே பிரச்சினை. பி.எச். 7.2 இல் அது பாதிக்குப் பாதி, வேர் லேசில் எடுக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அதோடு நிற்காமல் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்து சொட்டுக் குழாயை அடைக்கும். மறுபக்கம், 5 இற்குக் கீழே போனால் கல்சியமும் மக்னீசியமும் ஏறுவது குறையும். 4 இற்குக் கீழே வேரே பழுதாகத் தொடங்கும். சலாதின் உள்ளிலை ஓரம் கருகினால் உடனே பி.எச். என்று சொல்லிவிடுகிறார்கள். நுவரெலியா மூடுபனியில் அது அவ்வளவு நிச்சயமில்லை. காற்று ஈரமாக, அசையாமல் நின்றால் இலை நீரை ஆவியாக்காது. நீர் ஏறாவிட்டால் அதோடு ஏறும் கல்சியமும் இளம் இலைக்குப் போய்ச் சேராது. அங்கே செய்யவேண்டியது கூடாரத்தின் பக்கத் திரையைத் தூக்கிவிடுவது.

சரி, தண்ணீருக்கு வருவோம். மலைநாட்டின் அடிப்பாறை பெரும்பாலும் நைஸ், சார்னொக்கைட், குவாட்சைட் மாதிரியான பழைய கடும் பாறை. மழை பாறை வெடிப்பில் இறங்கி, பீலியில், அதாவது ஊற்றுத் தண்ணீர் வந்து கொட்டும் குழாயில், வந்து விழும்வரைக்கும் அதில் கரைவது கொஞ்சம்தான். மாத்தளை, திகன போன்ற சுண்ணாம்புக்கல் படுகை உள்ள இடங்கள் விலக்கு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சோப்பிலேயே தெரியும்: இங்கே நுரை அடங்காது, அங்கே நுரை வராது. "தண்ணி நல்ல தண்ணிதானே தம்பி, இதைக் குடிச்சுத்தானே வளர்ந்தோம்" என்று லயத்துப் பெரியவர்கள் சொல்வதில் பிழை இல்லை. குடிக்க நல்லது. ஆனால் அந்த நல்ல தண்ணீரில் அவ்வளவாக இல்லாத ஒன்று இருக்கிறது: பைகாபனேற்று.

அமிலமோ காரமோ வந்து சேரும்போது பி.எச்.ஐ ஓடவிடாமல் பிடித்து நிறுத்துவதைத் தாங்கல் என்கிறோம். தண்ணீரில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பைகாபனேற்றுத்தான். அது அசிட்டைப் பிடித்து, காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறி, வாயுவைக் காற்றில் விட்டுவிடும். நிறைய இருந்தால் பி.எச். நகரவே அடம்பிடிக்கும். இல்லாவிட்டால் ஒரு சொட்டுக்கே குதிக்கும்.

கணக்காகவே பார்க்கலாம். 200 லீற்றர் பரல், லீற்றருக்கு 30 மில்லிகிராம் பைகாபனேற்று உள்ள மென்தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதை 5.8 இற்கு இறக்க 85 வீதப் பொசுபோரிக் அமிலம் ஏறக்குறைய 5 மில்லிலீற்றர் போதும், அதாவது ஒரு தேக்கரண்டி. அதே பரலில் 300 மில்லிகிராம் உள்ள கடினத் தண்ணீர் என்றால் பத்து மடங்கு, 50 மில்லிலீற்றரைத் தாண்டும். கடினத் தண்ணீர்க்காரர் ஒரு தேக்கரண்டி கூட ஊற்றினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மென்தண்ணீர் பிடிக்கும் நம்ம ஆள் ஒரு தேக்கரண்டி கூட ஊற்றினால் பரல் 4 இற்கும் கீழே போய்விடும். இணையத்தில் பார்க்கும் காணொளிகளும் போத்தலில் ஒட்டியிருக்கும் அளவும் பல நேரம் கடினத் தண்ணீர்க்காரருக்கு எழுதப்பட்டவை. அந்த அளவை இங்கே அப்படியே பின்பற்றுவதுதான் பாதித் தள்ளாட்டத்துக்குக் காரணம். கடினத் தண்ணீர்க்காரருக்கு வேறு தலையிடி உண்டு: 50 மில்லிலீற்றர் அமிலம் கூடவே லீற்றருக்கு 120 மில்லிகிராம் அளவு பொசுபரசைக் கொண்டுவந்துவிடும். பயிருக்குத் தேவை பொதுவாக 30 முதல் 50. அதனால் அவர்கள் நைத்திரிக் அமிலத்தின் பக்கம் போகிறார்கள். மலையகத்தில் அந்தத் தேவை இல்லை. ஒரு தேக்கரண்டியில் வரும் பொசுபரசு பயிருக்கு உணவாகவே போய்விடும்.

எனவே இங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் பசளையைக் கரைக்கவேண்டும். அல்பேர்ட் கலவையோ, இரண்டு பங்காக வரும் பசளையோ எதுவானாலும் அதுவே பி.எச்.ஐக் கொஞ்சம் இறக்கிவிடும். கலக்கி, அரை மணி நேரம் விட்டு, அப்புறம் அளக்கவேண்டும். அசிட்டை நேரே பரலில் ஊற்றாமல் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும். தண்ணீரில் அசிட்டை ஊற்றுவதே முறை. அசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. பெற்றரி அசிட் என்று கிடைக்கும் சல்பூரிக் அமிலத்தைப் பாவிக்கிறவர்களும் உண்டு. புதிதாக வாங்கியதென்றால் கவனமாகச் செய்யலாம். பழைய பெற்றரியிலிருந்து வடித்தது வேண்டவே வேண்டாம், அதில் ஈயம் இருக்கும். தேசிக்காய், வினாகிரி எல்லாம் அன்றைக்கு இறக்கும். ஆனால் அந்த அமிலங்களை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் ஓரிரண்டு நாளில் எண் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

பீலித் தண்ணீரில் இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. நிலத்துக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் காபனீரொட்சைட் கரைந்திருக்கும். பிடித்த உடனே அளந்தால் 6 இற்குப் பக்கத்தில் காட்டும். பரலில் நின்று, காற்றுக் குமிழி பட்டு, அந்த வாயு வெளியேறியதும் தானாகவே ஏறும். இதைப் பயிர் செய்த மாற்றம் என்று நினைத்து அசிட் ஊற்றத் தேவையில்லை. முந்தின நாளே பிடித்து வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் மட்டும் பிடித்து வைக்கக்கூடாது. மென்தண்ணீர் சீமெந்திலிருந்து சுண்ணாம்பை இழுத்து, 9 ஐயும் தாண்டிப் போகலாம். பிளாஸ்டிக் பரலே நல்லது. டவுன் குழாய்த் தண்ணீர் பாவிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: குடிதண்ணீருக்கான இலங்கைத் தரம் 6.5 முதல் 8.5 வரையான பி.எச். கேட்கிறது. அதற்காகச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். ஆகவே ஒரே ஊரில் பீலித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் பிறகும் பரல் நகர்கிறதென்றால், நகர்வதைத் தடுப்பதற்கு முன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதே புத்தி. என்னைக் கேட்டால் அன்றைய எண்ணைவிட அது போகும் திசைதான் அதிகம் சொல்கிறது.

மேலே போகிறதா? பெரும்பாலும் அது நல்ல செய்தி. நைத்திரேற்றை எடுக்கும் வேர், அதற்கு ஈடாகக் காரத்தை வெளியே விடுகிறது. செழிப்பாக வளரும் சலாதுப் படுக்கையில் பி.எச். மெல்ல மெல்ல ஏறுவது செடி சாப்பிடுகிறது என்பதற்கு அடையாளம். 5.6 இல் ஆரம்பித்து 6.3 வரை ஏறவிட்டு, பிறகு ஒரு தடவை இறக்கினால் போதும். அதற்குள் எல்லாச் சத்தும் தன்தன் முறைக்குக் கிடைத்துவிடும். தினமும் 5.8 இல் கட்டிவைக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லாதது. ஆனால் பகலில் ஏறி இரவில் இறங்குகிறதென்றால் பாசியைத் தேடுங்கள். வெளிச்சம் படும் தொட்டியில் பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்சி பி.எச்.ஐ ஏற்றும், இரவில் திரும்ப விடும். மூடியைக் கறுப்புப் பொலித்தீனால் போர்த்தினால் வெளிச்சம் நிற்கும், பாசியும் நிற்கும்.

கீழே போகிறதா? முதலில் பசளையில் அமோனியம் எவ்வளவு என்று பாருங்கள். அமோனியத்தை எடுக்கும் வேர் அமிலத்தை வெளியே விடும். தேயிலை மண்ணைப் புளிக்க வைப்பதும் இந்த அமோனியத்தின் வேலைதான். மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றும்போதும் அமிலம் பிறக்கிறது. யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் யூரியா அமோனியமாகத்தான் உடைகிறது. அதற்காக அமோனியமே ஆகாது என்றில்லை. மொத்த நைதரசனில் 5 முதல் 10 வீதம் அமோனியமாக இருந்தால், நைத்திரேற்று ஏற்றுவதை அது இழுத்துப் பிடிக்கும். மென்தண்ணீர்க்காரருக்கு இது அசிட் போத்தலைவிட நிதானமான வழி. தக்காளி, குடைமிளகாய் காய்த்துத் தொங்கும் சமயத்தில் பொற்றாசியம் நிறைய இழுப்பதாலும் பி.எச். இறங்கக்கூடும்.

காரணம் எதுவும் பிடிபடாமல் திடீரென்று இறங்கினால் வேரைத் தூக்கிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். பழுப்பாகி, வழவழத்து, இழுத்தால் மேல்தோல் மட்டும் கையோடு வந்து உள்நார் தனியே நின்றால் அது அழுகல். அங்கே பி.எச்.ஐத் திருத்தி ஆகப்போவது எதுவும் இல்லை.

இறங்கிக்கொண்டே போகும் பரலுக்குத் தாங்கலை நாமே சேர்க்கலாம். 200 லீற்றருக்கு 10 கிராம் பொற்றாசியம் பைகாபனேற்று சேர்த்தால், ஏறக்குறைய அந்த 30 மில்லிகிராம் மென்தண்ணீரின் பைகாபனேற்று இரட்டிப்பாகும், கூடவே கொஞ்சம் பொற்றாசியமும் கிடைக்கும். பாதி பாதியாகக் கரைத்து ஊற்றவேண்டும். சமையலறை அப்பச்சோடாவும் இதையே செய்யும், ஆனால் பயிருக்கு வேண்டாத சோடியத்தைக் கொண்டுவரும். அவசரத்துக்கு ஒரு தடவை செய்யலாம், பழக்கமாக்கக்கூடாது.

இனி மீட்டர். பேனா மாதிரியான மலிவு மீட்டரின் உயிர் நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழில் இருக்கிறது. அது காய்ந்தால் பொய் சொல்லத் தொடங்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைப்பதும் கூடாது. பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில்தான் வைக்கவேண்டும். 7 உம் 4 உம் கொண்ட தாங்கற் கரைசல்களில் அடிக்கடி சரிபார்க்கவேண்டும், ஒன்றில் மட்டும் பார்த்தால் போதாது. வெறும் பீலித் தண்ணீரில் மீட்டரைப் போட்டால் எண் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். உப்பு இல்லாத தண்ணீரில் எந்த மலிவு மீட்டரும் அப்படித்தான், பழுது என்று எறிந்துவிட வேண்டாம். பசளை கரைத்த பிறகு அளந்தால் நிற்கும். உண்மையில் வெறும் தண்ணீரின் பி.எச்.ஐவிட அதன் பைகாபனேற்று அளவைத் தெரிந்துகொள்வதே பயன். மீன் தொட்டிக்காரர் பாவிக்கும் கே.எச். சோதனைக் குப்பியிலேயே அதைப் பார்க்கலாம். அதில் ஒரு பாகை என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 22 மில்லிகிராம் பைகாபனேற்று.

குளிரையும் சேர்த்துப் பேசாமல் மலையகத்துக்கு இந்தக் கணக்கு முடியாது. கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை, மாசி விடியற்காலையில் புல்லில் பனி உறையும் நாட்கள் உண்டு. கரைசல் அவ்வளவு குளிர்ந்தால் வேர் பொசுபரசை எடுப்பது மந்தமாகும், இலையின் அடிப்பக்கமும் தண்டும் ஊதா பூக்கும். மீட்டர் 6 காட்டும், செடி பட்டினி என்று சொல்லும். இரண்டும் உண்மை. அந்த ஊதாவைப் பார்த்து அசிட்டோ பசளையோ கூட்டுகிறவர்கள், வெயில் ஏறியதும் உப்பு மிஞ்சிப்போன கரைசலோடு நிற்பார்கள். பரலைத் தரையிலிருந்து தூக்கி, சாக்கோ ரெஜிபோமோ சுற்றி வைப்பது மலிவான வைத்தியம்.

தும்புத்தூள் பையில் வளர்க்கிறவர்கள் பரலை மட்டும் அளந்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. தும்புத்தூள் தானே சில சத்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சிலதை விடும். கழுவாத தும்பில் பொற்றாசியமும் சோடியமும் நிறைய இருக்கும். கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்துக் கழுவியபின் பாவிப்பது அதனால்தான். வேரைச் சுற்றி நடப்பதை அறிய, ஒரு பையின் அடியில் கிண்ணம் வைத்து வடிநீரைப் பிடித்து அளக்கவேண்டும். உள்ளே போனது 5.8, வெளியே வந்தது 6.8 என்றால், அடுத்த சில நாட்களுக்கு உள்ளே போவதை 5.5 ஆக்கினால் போதும். வெளியே வருவது மெதுவாகத்தான் திரும்பும். மறுநாளே திரும்பவில்லையே என்று இன்னும் இறக்கக்கூடாது.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. நவம்பரில் அந்தத் தடை தளர்ந்தபிறகும் விலை பழைய நிலைக்கு வரவில்லை. ரூபாய் சரிந்த அடுத்த வருஷம் இன்னும் மோசம். அன்றிலிருந்து பலருக்குப் பசளையை நீட்டிப் பாவிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒரே கரைசலை வாரக்கணக்கில் வைத்து, குறையக் குறையத் தண்ணீர் மட்டும் விடுவார்கள். கைக்காசு இல்லாதபோது செய்வது விளங்குகிறது. ஆனால் பசளை மெலிந்தால் கரைசலில் இருந்த கொஞ்சநஞ்சத் தாங்கலும் மெலியும், பி.எச். இன்னும் தாறுமாறாக ஆடும். கரைசலில் எவ்வளவு பசளை உப்பு இருக்கிறது என்று காட்டும் மின்கடத்துதிறன் மீட்டரையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். அது சலாதுக்கு 1.2 முதல் 1.8 வரை (mS/cm) நிற்கிறதா என்று பார்க்காமல் பி.எச்.ஐ மட்டும் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. நிறையத் திருத்தியும் அடங்காத பரலை மாற்றிவிடுவதுதான், கணக்குப் போட்டுப் பார்த்தால், மலிவு.

மாற்றும்போது பழைய கரைசலைக் கானில் திறந்துவிட வேண்டாம். மலையில் ஒருவர் கான், கீழே இருப்பவருக்குப் பீலி. அங்கிருந்து அது ஆற்றுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் போய்ப் பாசியை வளர்க்கும். கோவா, லீக்ஸ், வாழை எதற்கும் தண்ணீர் கலந்து ஊற்றலாம். அந்தப் புளித்த மண்ணுக்கு பி.எச். 6 உள்ள கரைசல் எந்தக் கெடுதலும் செய்யாது, மிச்சமிருக்கும் நைத்திரேற்றும் பொற்றாசியமும் வீணாகாது.